மன்னிப்புக் கேட்டவர் வீட்டில் என்ன மாறியது?

ஃபிரடெரிக் பிளேர் கடவுளுக்குப் பயந்த மனிதர். பாப்டிஸ்ட் சபையில் மூப்பர். 1936இலிருந்து 1943வரை கனடாவின் குடிவரவுக் கிளையை நடத்தியவர். ஐரோப்பாவிலிருந்து தப்பத் துடித்த யூதர்களின் விண்ணப்பங்களைக் கீழுள்ளவர்களிடம் விடாமல் தானே படித்தார், தானே நிராகரித்தார்.

1939 மே 13 அன்று ஹம்பேர்க்கிலிருந்து புறப்பட்ட சென். லூயிஸ் கப்பலில் 937 பயணிகள் இருந்தார்கள். ஏறத்தாழ எல்லோரும் யூதர்கள். கியூபா அவர்களை இறங்க விடவில்லை. அமெரிக்காவும் விடவில்லை. ஹலிஃபக்ஸ் துறைமுகம் இரண்டு நாள் ஓட்டத்தில் இருந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஜோர்ஜ் ரோங், அங்கிலிக்கன் குருத்துவம் பெற்றவர், நகரத்துப் பிரமுகர்கள் சிலரின் பெயர்களையும் சேர்த்து ஜூன் 7 அன்று பிரதமர் மக்கென்சி கிங்குக்குத் தந்தி அடித்தார். கிறிஸ்தவ இரக்கத்தின் பெயரால் இவர்களுக்கு இடம் கொடுங்கள் என்பதுதான் செய்தி. கிங் அப்போது பிரித்தானிய அரச தம்பதியரோடு வாஷிங்டனில் இருந்தார். விடயம் அதிகாரிகளிடம் போனது. எந்த நாடும் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட முடியாது, எங்காவது கோடு கிழித்தே ஆக வேண்டும் என்பது பிளேரின் நிலைப்பாடு. கோடு கிழிக்கப்பட்டது. கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பியது. அதில் வந்தவர்களில் 254 பேர் பின்னர் நாஜிகளின் கையில் மாண்டார்கள்.

தந்தி அடித்தவரும் கதவைச் சாத்தியவரும் ஒரே வேதத்தைப் படித்தவர்கள். இந்தக் கட்டுரையின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

2000 நவம்பரில் ஒட்டாவாவில் ஒரு கூட்டம் நடந்தது. அந்தக் கப்பலில் வந்து பிழைத்தவர்களில் 25 பேரளவில் அதற்கு வந்திருந்தார்கள். கூட்டியவர்கள் சுவிசேஷ மரபைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். மன்னிப்புக் கேட்டவர்களில் ஒருவர் டக் பிளேர். அவரும் பாப்டிஸ்ட் போதகர். ஃபிரடெரிக் பிளேருக்குப் பேரன் முறையானவர். கனடிய அரசு அதே மன்னிப்பைக் கேட்க இன்னும் 18 ஆண்டுகள் பிடித்தன. 2018 நவம்பர் 7 அன்று நாடாளுமன்றத்தில் ஜஸ்ரின் ட்ரூடோ அதைச் செய்தார்.

அரசுக்கு முன்னால் போதகர்கள் போனது நல்ல விடயம்தான். ஆனாலும் இப்படியான கூட்டங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். பாதிக்கப்பட்டவர் முன்னால் அழுதுவிட்டு வீடு திரும்பியவர், தன் வீட்டில் எதை மாற்றினார்? அவருடைய மன்றாட்டுப் புத்தகத்தில், மறைக்கல்வி வகுப்பில், பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில் என்ன மாறியது? கிறிஸ்தவர்கள் யூத இனவழிப்பை நினைவுகூர்வதை நான் இந்த அளவுகோலால்தான் அளக்க விரும்புகிறேன். கண்ணீர் உண்மையானதாகவே இருக்கட்டும். அது விருந்தாளியின் கண்ணீர். வீட்டுக்காரருக்கு வேறு வேலை இருக்கிறது.

கனடியத் திருச்சபைகளின் கையில் யூத இரத்தம் இல்லை, ஐரோப்பாவில் நடந்ததற்கு இவர்கள் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒருமுறை ரொறன்ரோவின் கிறிஸ்டி பிற்ஸுக்குப் போகலாம். புளூர் வீதியோரம் பள்ளமாக இறங்கும் அந்தப் பூங்காவில், அப்போது அதற்கு வில்லோவேல் என்று பெயர், 1933 ஓகஸ்ட் 16 மாலை ஒரு சொவ்ற்போல் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் ஹார்போர்ட் அணி, பெரும்பாலும் யூதப் பையன்கள், சில இத்தாலியர்கள். மறுபக்கம் சென். பீற்றர்ஸ், பதர்ஸ்ட் வீதிக் கத்தோலிக்கப் பங்கின் அணி. ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு கும்பல் சுவஸ்திகா போட்ட துணியை விரித்தது. தொடங்கிய அடிதடி சுமார் ஆறு மணித்தியாலம் நீடித்தது. ஆயிரக்கணக்கானோர் அதில் இறங்கினார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து அப்போது ஏழு மாதம்கூட ஆகவில்லை. அதே கோடையில் கிழக்கே ஏரிக்கரையில் யூதர்கள் குளிக்க வருவதைத் தடுக்க சுவஸ்திகா சங்கங்களே முளைத்திருந்தன.

துணியை விரித்தது பங்கின் அணி அல்ல. அந்தப் பழியை அவர்கள்மேல் போடக்கூடாது. ஆனால் யூதர் என்றால் யார் என்ற எண்ணம் அந்தக் கும்பலின் தலைக்குள் ஏழு மாதத்தில் ஏறியதல்ல. ஆண்டவரைக் கொன்ற குலம், பிடிவாதமாக விசுவாசத்தை மறுத்த குலம் என்பது தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் கேட்டது. கத்தோலிக்கப் பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதர்களை நம்பிக்கைத் துரோகிகளாகக் குறித்த அடைமொழி 1959இல்தான் பாப்பரசர் 23ஆம் யோவானால் நீக்கப்பட்டது. 1543இல் மார்ட்டின் லூதர் எழுதிய யூத எதிர்ப்பு நூலை நியூரம்பேர்க் விசாரணையில் நாஜிப் பத்திரிகையாளர் யூலியஸ் ஸ்ட்ரைகர் தனக்குச் சாட்சியாக இழுத்தார். கொலையை வகுத்தது நாஜிக் கட்சி. அந்தக் கொலை நடக்கும்போது பக்கத்து வீட்டுக்காரன் சன்னலைச் சாத்திக்கொள்ள அவனுக்கு மனப்பழக்கம் கொடுத்ததில் கோயிலுக்குப் பங்குண்டு. 1933க்கும் 1945க்கும் இடையில் கனடா உள்ளே விட்ட யூத அகதிகள் ஏறத்தாழ 5,000 பேர். இவ்வளவு பெரிய நாடு, இவ்வளவு சிறிய எண்.

விதிவிலக்குகள் இருந்தன. ஐக்கிய திருச்சபைப் போதகர் கிளாரிஸ் சில்கொக்ஸ் அகதிகளை ஏற்கச் சொல்லி மேடை மேடையாகப் பேசினார். மேடைகள் கேட்டன, அமைச்சரவை கேட்கவில்லை.

இந்த நகரத்தில் உண்மையான திருப்பத்தைக் கொண்டுவந்தவர்கள் பெரிய சபைத் தலைவர்கள் அல்லர், கைதிகளாக இங்கே வந்து இறங்கிய இரண்டு இளைஞர்கள் என்பேன். 1940இல் பிரித்தானியா தன்னிடம் தஞ்சம் புகுந்திருந்த ஜெர்மானியர்களை எதிரி நாட்டவர் என்று பிடித்துக் கப்பலேற்றியது. அப்படி கனடாவின் முள்வேலி முகாம்களுக்கு வந்தவர்களில் சுமார் 2,300 பேர் நாஜிகளிடமிருந்து தப்பியோடிய யூத அகதிகள். பிளேரின் இலாகா அவர்களை மனமுவந்து அழைத்திருக்காது. போர் கொண்டுவந்து கொட்டியது. முகாமுக்குள் தள்ளப்பட்ட அந்தக் கூட்டத்திலிருந்து பின்னாளில் கனடாவின் விஞ்ஞானிகளும் இசைஞர்களும் பேராசிரியர்களும் வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் எமில் ஃபக்கன்ஹைம். 1916இல் ஹாலே நகரில் பிறந்தவர். ரபியாகப் படித்துக்கொண்டிருந்தபோது, 1938 நவம்பரில் ஜெர்மனியெங்கும் யூதர் கடைகளும் தொழுகைக்கூடங்களும் நொறுக்கப்பட்ட அந்த நாட்களில் பிடிபட்டு, சக்ஸன்ஹவுசன் முகாமில் சில மாதங்கள் இருந்தவர். மற்றவர் கிரகறி பௌம். 1923இல் பேர்லினில் பிறந்தவர். தாய் யூத வழி, தந்தை புரட்டஸ்தாந்தர். கனடா வந்தபோது வயது 17. ஒருவர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் யூத மெய்யியலாளராக உயர்ந்தார். மற்றவர் 1946இல் கத்தோலிக்கரானார், அகுஸ்தீனார் சபையில் குருவானார், பின்பு அதே பல்கலைக்கழகத்தின் சென். மைக்கேல்ஸ் கல்லூரியில் இறையியல் கற்பித்தார்.

பௌம் கதை நின்று பார்க்க வேண்டியது. பிரெஞ்சு யூத வரலாற்றாளர் ஜூல் இசாக், மனைவியையும் மகளையும் நாஜிகளிடம் பறிகொடுத்தவர், கிறிஸ்தவ மறைக்கல்வியிலேயே யூத வெறுப்பு ஊறியிருக்கிறது என்று எழுதினார். அதற்கு மறுப்பாக 1961இல் பௌம் ஒரு நூல் எழுதினார். நற்செய்தியில் குற்றமில்லை, பின்னால் வந்தவர்கள் அதைத் திரித்துவிட்டார்கள் என்பது அவருடைய அப்போதைய வாதம். இதற்கிடையே 1960 ஜூனில் இசாக் முதியவராகப் போய் 23ஆம் யோவானைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பின் வழியாகத் தொடங்கிய பணிக்கு வத்திக்கான் அழைத்த இறையியலாளர்களில் பௌமும் ஒருவர். யூதர்களைப் பற்றிய முதல் வரைவில் அவர் கை இருந்தது. பல இழுபறிக்குப் பிறகு 1965 ஒக்டோபர் 28 அன்று அது கத்தோலிக்கத் திருச்சபையின் அறிக்கையாக வெளிவந்தது. இறுதி வாக்கு 2,221க்கு 88. இயேசுவின் மரணத்தை அக்காலத்து யூதர் எல்லோர்மேலும், இக்காலத்து யூதர்மேலும் சுமத்தக்கூடாது என்று உரோமை சொன்னது அப்போதுதான்.

அத்தோடு பௌம் ஓய்ந்திருக்கலாம். ஓயவில்லை. அமெரிக்க இறையியலாளர் ரோஸ்மேரி ரூதர் 1974இல் வெளியிட்ட நூலுக்கு முன்னுரை எழுதியபோது, தான் 1961இல் எடுத்த நிலைப்பாடு நிற்காது என்று ஒப்புக்கொண்டார். யூதரைத் தாழ்த்தும் பேச்சு பின்னால் வந்த அழுக்கு மட்டுமல்ல, அடித்தளத்திலேயே இருக்கிறது என்ற வாதத்தின் பக்கம் வந்தார். தான் எழுதிய புத்தகத்தைத் தானே மறுதலிக்கும் இறையியலாளர்களை நான் அதிகம் கண்டதில்லை. வீட்டுக்காரருக்கு வேறு வேலை இருக்கிறது என்றேனே, அந்த வேலை இதுதான்.

ஃபக்கன்ஹைம் வேறு திசையிலிருந்து பேசினார். மோசேயின் சட்டத்தில் 613 கட்டளைகள் என்பது யூத மரபு. 1967இல் அவர் 614ஆவதாக ஒன்றைச் சேர்த்தார்: ஹிட்லர் செத்த பிறகும் அவனுக்கு வெற்றியைக் கையளிக்க எந்த யூதனுக்கும் உரிமை இல்லை. யூதராக வாழ்வதை விட்டுவிடுவதும், மாண்டவர்களை மறப்பதும் அந்த வெற்றிதான் என்பது பொருள். இதைக் கேட்ட கிறிஸ்தவர்களுக்கு ஒரு சங்கடம். யூதர்களை இயேசுவிடம் கொண்டுவர வேண்டும் என்று ஜெபிப்பதும் அந்தப் பட்டியலில் வந்துவிடுகிறதே! யூதர் எல்லோரும் கிறிஸ்தவராகிவிட்டால் உலகில் யூதர் இருக்க மாட்டார்கள்.

அந்தச் சங்கடத்தை வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர் மேரி ஜோ லெடி. சீயோன் அன்னையின் சகோதரிகள் சபையில் கன்னியாஸ்திரியாக இருந்தவர். 1840களில் பிரான்சில் அந்தச் சபையை உருவாக்கிய தியோடோர் ரத்திஸ்பொன் யூத மதத்திலிருந்து வந்தவர். யூதர்களின் மனமாற்றத்துக்காக ஜெபிப்பது சபையின் பழைய நோக்கங்களில் ஒன்று. இனவழிப்புக்கும் 1965 அறிக்கைக்கும் பிறகு அந்த நோக்கத்தைச் சபையே கைவிட்டு, யூதர்களைக் கிறிஸ்தவர்களுக்குப் புரியவைப்பதைத் தன் பணியாக்கிக்கொண்டது. லெடி, ஃபக்கன்ஹைமிடம் மெய்யியலில் முனைவர் ஆய்வு செய்தார். பின்னர் ரொறன்ரோவில் அகதிகளுக்கான றொமேரோ இல்லத்தைத் தொடங்கினார். சென். லூயிஸ் பயணிகளுக்காக அழுவதோடு நில்லாமல், அடுத்த கப்பலில் வந்தவனுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்தவர்.

இதன் பிறகு சபைகள் ஒவ்வொன்றாகத் தங்கள் ஏடுகளைத் திருத்தத் தொடங்கின. கனடிய லூத்தரன் திருச்சபை 1995இல் லூதரின் யூத எதிர்ப்பு எழுத்துகளை வெளிப்படையாக நிராகரித்தது. தலைமையகத்தை ரொறன்ரோவில் வைத்திருக்கும் ஐக்கிய திருச்சபை, பல ஆண்டு வாதப் பிரதிவாதத்துக்குப் பின் 2003இல், யூதருடன் கடவுள் செய்த உடன்படிக்கை காலாவதியாகவில்லை என்றும் அவர்களை மதம் மாற்ற முனைவது தவறு என்றும் அறிக்கை இட்டது. அங்கிலிக்கன் திருச்சபையின் 1962ஆம் ஆண்டு மன்றாட்டுப் புத்தகத்தில் யூதர்களின் மனமாற்றத்துக்கென ஒரு மன்றாட்டு அச்சில் கிடந்தது. அதை எடுத்துவிட்டு யூதருடன் ஒப்புரவாவதற்கான மன்றாட்டை வைக்க 2019இல் வன்கூவரில் கூடிய பொதுச் சங்கம் வாக்களித்தது. சபை விதிப்படி அடுத்த சங்கமும் அதை ஏற்க வேண்டும். 2023இல் கல்கரியில் அது நடந்தது. ஒரு மன்றாட்டை மாற்ற நான்கு ஆண்டுகள். இனவழிப்பு முடிந்து 78 ஆண்டுகள். செய்தித்தாள்களில் இது அதிகம் பேசப்படவில்லை. நாடாளுமன்ற மன்னிப்பைவிடவும் ஒட்டாவாக் கண்ணீரைவிடவும் இதை நான் மேலே வைப்பேன். யாரும் பார்க்காத வேலை. ஒரு யூதரும் அறையில் இல்லாத ஞாயிறு காலையிலும் செல்லுபடியாகும் வேலை.

நினைவுகூரல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒட்டாவாவிலேயே சான்று உண்டு. 2017 செப்டெம்பரில் தேசிய யூத இனவழிப்பு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டபோது அங்கே வைத்த பலகையில் யூதர் என்ற சொல்லே இல்லை. இலட்சக்கணக்கான உயிர்கள் என்று பொதுவாக எழுதியிருந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் கழற்றினார்கள்.

தளர்வைவிட ஆபத்தானது நிபந்தனையோடு வரும் அன்பு. சில சுவிசேஷ சபைகளில் யூதர்மேல் பொங்கும் பாசத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. யூதர் எல்லோரும் புனித பூமிக்குத் திரும்ப வேண்டும், பிறகு பெரும் போர் வர வேண்டும், அதன் பிறகு இரட்சகர் வருவார், அப்போது எஞ்சியிருக்கும் யூதர் அவரை ஏற்பார். இஸ்ரேல் கொடி அசைத்து, எபிரேயப் பாட்டுப் பாடி, இனவழிப்பு நினைவுநாளில் மெழுகுதிரி ஏற்றும் அந்த அன்பின் முடிவில் யூதர் யூதராக இல்லை. இதை விசுவாசமாக வைத்திருப்பது அவரவர் உரிமை. ஒப்புரவு என்று பெயர் வைத்தால்தான் எனக்கு ஆட்சேபம்.

நவம்பர் மாதத்தில் ரொறன்ரோவில் யூத இனவழிப்புக் கல்வி வாரம் நடக்கும். 1980களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. தொழுகைக்கூடங்களோடு தேவாலய மண்டபங்களிலும் உயிர் தப்பியோர் வந்து பேசுவார்கள். போருக்குப் பின் கனடா வந்து குடியேறிய உயிர் தப்பியோர் சுமார் 40,000 பேர் என்பார்கள். இன்று எஞ்சியிருப்பவர்கள் தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள். பதர்ஸ்ட் வீதியும் ஷெப்பர்ட் வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகே 2023 ஜூனில் புதிய ஹொலோகோஸ்ட் அருங்காட்சியகம் திறந்தது. அவர்கள் போன பின்னும் பேச, அவர்களின் காணொளிச் சாட்சியங்கள் அங்கே உண்டு. அதே ஆண்டு செப்டெம்பரில் ஒன்ராறியோ ஆறாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் இது கட்டாயமானது. அடுத்த மாதம் ஒக்டோபர் 7, ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய நாள்.

அந்த நாளுக்குப் பிறகு இந்த நகரத்தில் கிறிஸ்தவ - யூத உரையாடல் முன்போல் இல்லை. பழைய விரிசல்தான் பெரிதானது. 1967 போருக்குப் பிறகு ஐக்கிய திருச்சபையின் சஞ்சிகை ஆசிரியர் ஏ.சி. ஃபொரஸ்ற் பலஸ்தீன அகதிகளின் பக்கம் நின்று எழுதியபோது, ஃபக்கன்ஹைமும் ஹோலி புளொசம் தொழுகைக்கூடத்தின் ரபி குந்தர் ப்ளவுட்டும் கடுமையாக எதிர்த்தார்கள். சண்டை 1970களின் முற்பகுதிவரை ஓடியது. 2012இல் இஸ்ரேலியக் குடியேற்றப் பகுதிப் பொருட்களை வாங்க வேண்டாம் என்று அதே சபை தீர்மானித்தபோது மறுபடி சண்டை. இன்று காஸா. ஒரு பக்கம் நினைவுகூரலைக் கவசமாக்கி இஸ்ரேல் அரசைக் கேள்வி கேட்காதே என்கிறார்கள். மறுபக்கம் காஸாவைக் காட்டி நினைவுகூரலே போலி என்கிறார்கள்.

இரண்டும் தப்பு என்பது என் கருத்து. கனடியத் திருச்சபை பட்ட கடன் பதர்ஸ்ட் வீதியில் வாழும் யூதர்களுக்கு. அந்தக் கடனை நாப்லஸில் இருக்கும் பலஸ்தீன விவசாயியின் நிலத்தைக் கொடுத்து அடைக்க முடியாது. அதேபோல, நெதன்யாகு செய்ததற்கு வடக்கு யோர்க்கில் பள்ளிக்கூடம் போகும் சிறுமி பொறுப்பல்ல. 2024இல் அங்குள்ள யூதப் பெண்கள் பள்ளி ஒன்றின்மேல் மூன்று தடவை துப்பாக்கிச் சூடு நடந்தது. மே, ஒக்டோபர், டிசம்பர். அரசாங்கத்தையும் குலத்தையும் ஒன்றாக்கிப் பழி தீர்க்கும் அந்தப் பழைய மனப்பழக்கத்தைத்தான் சபைகள் தங்கள் ஏடுகளிலிருந்து எடுக்கப் பாடுபட்டன. காஸாவில் மாண்ட குழந்தைகளுக்காகக் குரல் கொடுக்கும் போதகர், இந்தப் பள்ளி வாசலிலும் போய் நிற்கக் கடமைப்பட்டவர். அப்படி நின்றால் இரண்டு இடத்திலும் அவர் பேச்சுக்கு மதிப்பிருக்கும்.

நான் சைவன், ஸ்காபரோத் தமிழனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய வேலை இருக்கிறது.

நாங்கள் இங்கே வந்து இறங்கியதிலேயே அந்தக் கப்பலின் நிழல் உண்டு. இர்விங் அபெல்லாவும் ஹரல்ட் ட்ரோப்பரும் கனடா யூதர்களைத் தடுத்த கதையை ஆய்ந்து 1982இல் நூலாக்கினார்கள். அது அச்சேறுமுன்பே, 1979இல், கையெழுத்துப் படி குடிவரவு அமைச்சர் ரொன் அட்கியின் கைக்குப் போனது. வியட்நாமியர்கள் படகுகளில் தத்தளித்த நேரம். இன்னொரு பிளேராக நினைவுகூரப்பட அவர் விரும்பவில்லை. 1979 - 80இல் கனடா ஏற்ற இந்தோசீன அகதிகள் 60,000 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைப் பொறுப்பேற்று அழைத்தவை தேவாலயங்கள், தொழுகைக்கூடங்கள், சாதாரண அயலவர் குழுக்கள். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றியபோது, அவர்கள் ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்பது தெரியவந்து சிலர் கொதித்தார்கள். திருப்பி அனுப்புவதில்லை என்றார் பிரதமர் மல்ரோனி. 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது காற்று மாறியிருந்தது. ஆண், பெண், குழந்தைகள் என்று அடைத்து வைத்தார்கள். அப்போது சென். லூயிஸை நினைவூட்டி வாதாடியவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் யூதர்மேல் இருக்கும் உணர்வு கலங்கலானது. இரண்டாயிரம் ஆண்டு அலைந்து நாடு கண்டவர்கள் என்று மாவீரர் நாள் மேடைகளில் உதாரணம் காட்டுவோம். அதே வாயால், வன்னியில் குண்டு போட்ட கிபிர் போர்விமானம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்போம். இரண்டுமே உண்மைதான். ஆனால் இரண்டிலும் நாங்கள் பேசுவது ஓர் அரசைப் பற்றி, கொல்லப்பட்ட அறுபது இலட்சம் மனிதர்களைப் பற்றி அல்ல.

ஒன்ராறியோ 2021இல் தமிழின அழிப்புக் கல்வி வாரத்தைச் சட்டமாக்கியது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் மே 18ஐ நினைவு நாளாக ஏற்றது. 2025 மே மாதம் பிரம்டனில் நினைவுத்தூபி எழுந்தது. இவை எல்லாம் பாதிக்கப்பட்டவர் கேட்டுப் பெற்ற நினைவுகள். இன்னொன்றைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு நாள் பிக்குமார் பத்துப் பேர் ஸ்காபரோவுக்கு வந்து, முள்ளிவாய்க்காலுக்காக எங்கள் முன் அழுது மன்னிப்புக் கேட்கிறார்கள். நாங்கள் என்ன கேட்போம்? ஐயா, நன்றி, உங்கள் தஹம் பாசல் அறநெறி வகுப்பில் பிள்ளைகளுக்கு எங்களைப் பற்றி என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள், துட்டகைமுனு கதையை இனி எப்படிச் சொல்வீர்கள் என்றுதானே? 1965க்கு முன்னும் பின்னும் யூதர்கள் கிறிஸ்தவர்களிடம் கேட்டது அதைத்தான்.

இப்போது நாற்காலியைத் திருப்பிப் போடுவோம். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. வடமாகாணம் முழுவதிலுமாக 70,000 பேருக்கு மேல். அதற்கு மூன்று மாதம் முன்பு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். முஸ்லிம்களை வெளியேற்றியது அரசியல் தவறு என்று பின்னாளில் புலிகளின் மதியுரைஞர் அன்ரன் பாலசிங்கமே ஒப்புக்கொண்டார். மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்த தமிழ் அரசியல்வாதி எம்.ஏ. சுமந்திரன் அதை இனச்சுத்திகரிப்பு என்று சொன்னபோது கிடைத்தது வசை. சுட்டவர்கள் ஒரு சிலர். அயலவரின் வீடு காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் எல்லோரும். துப்பாக்கிக்குப் பயந்தோம் என்பது மெய். ஜெர்மானியக் கிறிஸ்தவரும் அதையேதான் சொன்னார்கள். ஒவ்வோர் ஒக்டோபர் 30உம் கொழும்பிலும் புத்தளத்திலும் முஸ்லிம்கள் அதை நினைவுகூர்கிறார்கள். ரொறன்ரோவில் எந்தத் தமிழ்க் கோயிலும் எந்தத் தமிழ்த் தேவாலயமும் அன்று கதவைத் திறந்து வைத்து அவர்களை அழைத்ததாக நான் கேள்விப்படவில்லை. எங்கள் கல்வி வாரத்துக்கான பாடங்களில் அந்த 1990ஐயும் ஒரு பக்கமாகச் சேர்க்கலாம் என்று சொன்னால், எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறாய் என்பார்கள். பௌம் தன் முன்னுரையை எழுதியபோதும் திருச்சபைக்குள் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இன்னும் அருகிலேயே ஒரு வேலை கிடக்கிறது. மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணத்துக் கடலோர ஊர்களிலும் இயேசுவின் பாடுகளை நடிக்கும் தவக்காலத்துப் பாஸ்கு ஒரு பெரிய கலை. அந்த மரபு இங்கேயும் பங்கு மண்டபங்களுக்குள் வந்திருக்கிறது. அதில் உரோமை ஆளுநர் பிலாத்து பெரும்பாலும் நல்லவன், மனம் நொந்து கைகழுவுகிறவன். தலைமைக் குரு கைப்பாஸ் தாடியோடு உறுமுவான். யூதக் கூட்டம் இரத்தப் பழியைத் தங்கள்மேலும் பிள்ளைகள்மேலும் கேட்டுக் கத்தும். மத்தேயு நற்செய்தியில் மட்டும் வரும் அந்தக் கத்தலைத்தான் நூற்றாண்டுகளாகக் கொலைக்கு உரிமம் ஆக்கினார்கள். ஜெர்மனியின் ஓபரமெர்காவ் கிராமத்தில் 1634இலிருந்து பாஸ்கு போடுகிறார்கள். ஹிட்லர் இரண்டு தடவை போய்ப் பார்த்துப் பாராட்டினார். 1990இலிருந்து அதை இயக்கும் கிறிஸ்டியான் ஸ்டுக்கல், யூத அறிஞர்களோடு உட்கார்ந்து பிரதியைத் திருத்தினார். 2000இல் அந்தக் கத்தலை வெட்டினார். இயேசுவையும் சீடரையும் யூதராகவே, எபிரேய மொழியில் ஜெபிப்பவராகவே மேடையில் காட்டினார். கூட்டத்துக்குள்ளேயே இயேசுவுக்காக வாதாடும் யூதர்களை வைத்தார். நாடகம் இதனால் சப்பென்று ஆகிவிடவில்லை. ஊர் முழுக்க நடிக்கிறது, உலகம் போய்ப் பார்க்கிறது.

எங்கள் அண்ணாவிமார் கையில் இருக்கும் கொப்பிகள் பலவும் பழைய பிரதிகளின் வழி வந்தவை. யூதரை ஒரு நாளும் கண்டிராத ஊர்களில் எழுதியவை, எவர்மேலும் வன்மம் வைத்து எழுதியவை அல்ல. ஆனால் பார்ப்பது இப்போது ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைகள். அடுத்த மேசையில் யூதப் பிள்ளை இருக்கும் வகுப்பில் படிக்கிறவர்கள். வருகிற தவக்காலத்துக்கு ஒத்திகை தொடங்குமுன் பங்குத்தந்தையும் அண்ணாவியாரும் அந்தக் கொப்பியை எடுத்து ஒரு மாலை உட்காரலாம். கூட்டத்தின் அந்த ஒரு வசனத்தை வெட்டலாம். கைப்பாஸின் ஒப்பனையைக் குறைக்கலாம். உரோமை ஆளுநர் என்றால் யார், அவன் எத்தனை பேரைச் சிலுவையில் அறைந்தவன் என்பதைக் கட்டியகாரன் வாயால் சொல்லலாம். நவம்பரில் பங்கு மண்டபத்தை யூத இனவழிப்புக் கல்வி வாரத்துக்குக் கொடுக்க முடியுமா என்று ஹொலோகோஸ்ட் அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதமும் போடலாம்.